வலது கண்ணில் ஊற்றியது

அந்தக் கடைக்குப் பலகையில் ஒரு பெயர் இருந்தது. ஒருவரும் அதைச் சொல்லிக் கேட்டதில்லை. வண்டிக்காரர்களுக்கு அது அண்ணன் தம்பி பேட்டரி கடை. அண்ணனைப் பெரிய பேட்டரி என்றும் தம்பியைச் சின்ன பேட்டரி என்றும் முதுகுக்குப் பின்னால் சொல்வார்கள். சில பேர் முகத்துக்கு நேராகவே சொல்வார்கள். இருவரும் கோபித்துக்கொண்டதில்லை. ஒருவருக்கு நாற்பத்தெட்டு, மற்றவனுக்கு முப்பத்தாறு. அந்த வயதில் பட்டப்பெயருக்காக மல்லுக்கு நிற்கிறவன் வேலைவெட்டி இல்லாதவனாக இருக்க வேண்டும். இவர்களுக்கு வேலை தலைக்கு மேல் இருந்தது.

இருவரும் ஒரு வயிற்றில் பிறந்தவர்கள் என்று சத்தியம் செய்தால்தான் நம்ப முடியும். அண்ணன் கடைக்குச் சட்டம் போட்டு வைத்திருந்தார். ஆசிட் நீலக் கேனில், கடையின் பின்பக்கம், தரையில். டிஸ்டில்டு வாட்டர் வெள்ளை பாட்டிலில், மேல் தட்டில். வாசலருகே ஒரு வாளி நிறைய நல்ல தண்ணீர், யார் முகத்திலாவது ஆசிட் தெறித்தால் கழுவுவதற்கு. பேட்டரியைக் கழற்றும்போது நெகட்டிவ் முதலில், மாட்டும்போது நெகட்டிவ் கடைசியில். சார்ஜரை அணைக்காமல் பேட்டரியின் முனையைத் தொடவே கூடாது. இதையெல்லாம் ஒரு நாளைக்குப் பத்து தடவை சொல்வார். வாடிக்கையாளர்களையும் விடுவதில்லை. மாதம் ஒரு முறை மூடியைத் திறந்து பாருங்கள், உள்ளே தகடு மூழ்கியிருந்தால் போதும், வாய்வரைக்கும் ஊற்றாதீர்கள் என்று பிள்ளைக்குப் பாடம் சொல்வதுபோலச் சொல்வார். அவர்களும் மாடு மாதிரித் தலையை ஆட்டிவிட்டு வீட்டுக்குப் போய் வாய்வரைக்கும் ஊற்றுவார்கள்.

தம்பிக்குச் சட்டம் என்றாலே வேப்பங்காய். ஆனால் கைகாரன். அவன் பேட்டரி பார்க்கும் விதமே தனி. தடித்த ஒயர் ஒன்றை வளைத்து வைத்திருந்தான். அதை இரண்டு முனைகளிலும் கண் சிமிட்டும் நேரம் தொட்டு எடுப்பான். படக்கென்று ஒரு பொறி பறக்கும். அதன் நிறத்தையும் சத்தத்தையும் வைத்து, இது இன்னும் நாலு மாதம் ஓடும், இது இந்த வாரத்தோடு படுத்துவிடும் என்று சொல்லிவிடுவான். சொன்னது பலிக்கும். அதைப் பார்ப்பதற்காகவே இரண்டு தெரு தாண்டி வருகிறவர்கள் இருந்தார்கள். அண்ணன் ஆசைப்பட்டு வாங்கி வைத்த டெஸ்டர் மேசை டிராயரில் பெட்டிக்குள்ளேயே கிடந்தது. சர்க்கஸ் காட்டாதேடா, வெடிக்கும்டா, சார்ஜில் இருக்கிற பேட்டரியிலிருந்து வாயு வரும்டா என்று அண்ணன் தொண்டை வற்றக் கத்துவார். தம்பி காதிலேயே போட்டுக்கொள்ள மாட்டான். பதினொரு வருடமாக ஒன்றும் ஆகவில்லை. அதுதான் கேடாகப் போயிற்று.

அண்ணன் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. தம்பி வீட்டு முன்னறையில் ஒரு கட்டிலும் ஒரு இரும்பு அலமாரியுமாகக் காலத்தை ஓட்டினார். தம்பி மனைவிதான் அவருக்கும் சேர்த்துச் சமைத்தாள், துவைத்தாள். பேட்டரிக் கடைக்காரர்களின் சட்டையைத் துவைப்பது லேசுப்பட்ட காரியமல்ல. போடும்போது ஒன்றும் தெரியாது. துவைத்துப் பிழிந்தால் ஆசிட் பட்ட இடமெல்லாம் பொத்தல் பொத்தலாக விழும். அவள் அதையும் முணுமுணுக்காமல் தைத்துக் கொடுத்தாள்.

அன்று காலை குழாயில் தண்ணீர் வரவில்லை. வாளியில் முந்தின நாள் தண்ணீர் இருந்தது. ஒன்பது மணிக்கு ஒரு டாக்ஸிக்காரர் வந்தார். பானட்டைத் திறந்தால் பேட்டரி மூடிகளைச் சுற்றி நுரை கட்டி, கீழே இருந்த தகரத் தட்டு அரித்து, ஆசிட் நாற்றம் மூக்கைத் துளைத்தது. வேறென்ன, விளிம்புவரைக்கும் தண்ணீர் ஊற்றியிருக்கிறார். அண்ணன் அவரை இரண்டு திட்டுத் திட்டிவிட்டு, வாளித் தண்ணீரில் பாதியைத் தட்டைக் கழுவ எடுத்தார். மீதியும் பிறகு வந்த ஒரு வண்டிக்குப் போய்விட்டது. டாக்ஸியின் தட்டைக் கழுவியதும், ரப்பர் குமிழ் வைத்த குழாயால் அதன் பேட்டரியின் ஒவ்வொரு அறையிலிருந்தும் அதிகமாக இருந்ததை உறிஞ்சி எடுத்தார். அதைப் பிடித்து வைக்கக் கடையில் ஒரு கண்ணாடி ஜாடி உண்டு. அது முந்தின நாள்தான் விரிசல் விட்டிருந்தது. நீலக் கேனில் ஊற்றலாமென்றால் பின்பக்கம் போக வேண்டும், புனல் தேட வேண்டும். டாக்ஸிக்காரர் காலில் கஞ்சியைக் கொட்டிக்கொண்டவர்போல அவசரப்பட்டார். காலடியில் டிஸ்டில்டு வாட்டர் தீர்ந்துபோன ஒரு வெள்ளை பாட்டில் கிடந்தது. அண்ணன் அதில் பீய்ச்சினார். முக்கால் பாட்டில் சேர்ந்தது. மூடியைத் திருகினார். வண்டி போனதும் கேனில் ஊற்றிக்கொள்ளலாம் என்று நினைத்தார். நினைத்துக்கொண்டே அதை மேல் தட்டில் வைத்தார். வெள்ளை பாட்டிலை மேல் தட்டில் வைத்து வைத்து அந்தக் கைக்கு வேறு இடம் தெரியாது.

இதே தப்பைச் செய்ததற்காக ஒரு வேலையாளை அவர் கடையை விட்டே அனுப்பியிருக்கிறார் என்பதையும் சொல்லிவிட வேண்டும். அது ஆறு வருடத்துக்கு முன்னால். அந்த ஆள் கெஞ்சியும் அவர் மனம் இரங்கவில்லை.

பதினொன்றரைக்குப் பள்ளி வேன்காரர் தன் பேட்டரியைக் கேட்டு வந்தார். முந்தின நாள் மாலையிலிருந்து அது சார்ஜில் இருந்தது. இதோ பார்த்துத் தருகிறேன் என்று தம்பி சொல்ல, அவர் எதிரே டீ குடிக்கப் போனார். அண்ணன் கல்லாவில் ஒரு வாரண்டி கார்டை நிரப்பிக்கொண்டிருந்தார். சார்ஜர் உறுமிக்கொண்டே இருந்தது. தம்பி ஒயரை எடுப்பதைக் கடைக்கண்ணால் பார்த்தார். சொல்லிச் சொல்லி அலுத்துப்போன வாய் அன்றைக்குத் திறக்கவில்லை.

பக்கத்துப் பஞ்சர் கடைக்காரர் தன் கடை டயர்தான் வெடித்தது என்று நினைத்தாராம். அப்படி ஒரு சத்தம். பேட்டரியின் மேல்பக்கம் சில்லுச்சில்லாகப் பறந்திருந்தது. தம்பி தரையில் உட்கார்ந்திருந்தான். இடது கண்ணை மூடிய கையின் விரல் சந்தில் ரத்தம் வந்தது. அண்ணன் வாளிக்கு ஓடினார். வாளி காலி. குழாயைத் திருகினார். காற்றுதான் வந்தது. மேல் தட்டுக்குக் கை போயிற்று. பாட்டிலைத் திறந்துகொண்டே தம்பி முன்னால் மண்டியிட்டு, கண்ணைத் திற, திற என்றார். தம்பி திறந்தான். அவர் ஊற்றினார்.

முதலில் வலது, பிறகு இடது. தம்பியின் அலறல் வேறு மாதிரி மாறியது. அவருடைய கட்டைவிரல் நகக்கண்ணில் காலையில் கிழித்த ஒரு சின்னக் கீறல் இருந்தது. அது சுரீரென்று எரிந்தது. விரலோடு விரலைத் தேய்த்தார். எண்ணெய் மாதிரி வழுக்கியது. முப்பது வருடம் ஆசிட்டில் கை நனைத்தவருக்கு அதற்கு மேல் யாரும் சொல்ல வேண்டியதில்லை. பாட்டிலை வீசிவிட்டு, தண்ணி தண்ணி என்று தெருவில் நின்று கத்தினார். பஞ்சர் கடைக்காரர் டியூபை முக்கிப் பார்க்கும் தொட்டியையே தூக்கிக்கொண்டு ஓடி வந்தார். அந்த அழுக்குத் தண்ணீர்தான் தம்பியின் முகத்தில் விழுந்த முதல் தண்ணீர்.

ஆஸ்பத்திரியில் நர்ஸ் என்ன ஊற்றினீர்கள் என்று கேட்டாள். தண்ணி என்றார் அண்ணன். அந்தப் பொய் அவரைக் கேட்காமலே வாயிலிருந்து வந்துவிட்டது. வந்ததைத் திருப்பி எடுக்க ஒரு நிமிடம் இருந்தது. நர்ஸ் எழுதிக்கொண்டு போய்விட்டாள். பிறகு அவளையே மடக்கி, இதற்கு மருத்துவம் ஏதாவது மாறுமா, எவ்வளவு ஆசிட் என்பதைப் பொறுத்து ஏதாவது உண்டா என்று சுற்றி வளைத்துக் கேட்டார். எவ்வளவாக இருந்தாலும் ஒரு மணி நேரம் விடாமல் கழுவுவோம், எல்லாம் ஒன்றுதான் என்றாள். அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டுதான் அவர் அடுத்த இரண்டு மாதம் உயிரோடு இருந்தார். அன்று மாலையே கடைக்குப் போய் அந்த பாட்டிலைத் தேடி எடுத்து, சோடா மாவு போட்டுக் கழுவி, காலால் மிதித்து நசுக்கி, மூன்று தெரு தள்ளி ஒரு குப்பைத் தொட்டியில் போட்டார். திருடனுக்குக்கூட அவ்வளவு பதற்றம் இருந்திருக்காது.

இடது கண்ணை எடுத்துவிட்டார்கள். பிளாஸ்டிக் சில்லு ஒன்று குறுக்கே போயிருந்தது. வலது கண் இருந்தது. ஆனால் வேகவைத்த முட்டையின் வெள்ளைபோல ஆகிவிட்டது. பகலா இருட்டா என்பதுகூட அதற்குத் தெரியவில்லை.

ஊர் வாய் சும்மா இருக்குமா. அண்ணன் தலையால் அடித்துக்கொண்டார், தம்பி கேட்கவில்லை, பொறி பார்க்கிறேன் பொறி பார்க்கிறேன் என்று இரண்டு கண்ணையும் பறிகொடுத்துவிட்டான் என்று ஒவ்வொரு வண்டிக்காரரும் ஒரு முறை சொல்லிவிட்டுப் போனார். அண்ணன் மறுத்துப் பேசவில்லை. பேசாமல் இருந்தாலே போதுமாக இருந்தது. கேட்கிறவர்கள் அதையே பெருந்தன்மை என்று எடுத்துக்கொண்டார்கள்.

வெளியாரைக்கூடத் தாங்கிக்கொள்ளலாம். தம்பி மனைவிதான் அவரைக் கொன்றாள். அவள் நல்லவள். புருஷனுக்குச் சோறு பிசைந்து கையில் கொடுப்பாள், குளிப்பாட்டுவாள், சட்டை மாட்டிவிடுவாள். ஆனால் அத்தனை வேலைக்கும் நடுவே அவனைத் திட்டிக்கொண்டே இருப்பாள். உன் திமிர்தான் உன் கண்ணைத் தின்னது, அண்ணன் பேச்சை ஒரு நாள் கேட்டிருந்தால் எனக்கு இந்தக் கதி வருமா என்று சுவருக்கு அந்தப் பக்கம் அவள் அழுவது முன்னறைக்கு நன்றாகக் கேட்கும். தம்பி பதில் பேச மாட்டான். பொறுக்க முடியாதபோது, ஆமா, என் தப்புதான், விடு என்பான். அதே வாயோடு அவள் முன்னறைக்கு வந்து அண்ணனுக்குத் தட்டு வைப்பாள். இருப்பதில் நல்லதை அவருக்கு எடுத்து வைப்பாள். அவர் பேச்சைக் கேட்காத வீட்டில் அவருக்குச் செய்யும் பரிகாரம்போல. ஒரு நாள் கண் கலங்கி, நீங்க மட்டும் அன்னிக்கு உடனே தண்ணி ஊத்தலைன்னா முகமே போயிருக்கும் மாமா என்றாள். அவர் வாயில் இருந்த சோற்றை விழுங்கவும் முடியாமல் துப்பவும் முடியாமல் உட்கார்ந்திருந்தார்.

சொல்லிவிட வேண்டும் என்று தினமும் காலையில் முடிவு செய்வார். கடைக்குப் போவதற்குள் அதற்கு ஆயிரம் காரணம் தடையாக வந்து நிற்கும். சொன்னால் கண் திரும்பி வருமா. சொன்னால் இவர்களுக்குச் சோறு போட யார் இருக்கிறார்கள். அவன் எப்படியும் இடது கண்ணைத் தன் தப்பால்தானே இழந்தான். கடைசியில் சொன்ன காரணம் அவருக்கே அருவருப்பாக இருக்கும். ஆனாலும் மறுநாள் அதையே எடுத்துப் போர்த்திக்கொள்வார்.

அறுபத்து மூன்றாம் நாள் கண் டாக்டரிடம் கடைசியாகக் காட்டப் போனார்கள். வலது கண்ணில் வேறு கருவிழி வைத்துப் பார்க்கலாமா என்று டாக்டர் அன்றைக்குச் சொல்வதாக இருந்தது. டாக்டர் வெகு நேரம் விளக்கடித்துப் பார்த்தார். பிறகு நாற்காலியைப் பின்னால் தள்ளிக்கொண்டு, ஒன்றும் செய்வதற்கில்லை என்றார். அடிவரைக்கும் வெந்திருக்கிறது. தெறித்தால் இப்படி ஆகாது. தெறிக்கும்போது இமை தானாக மூடிக்கொள்ளும், கொஞ்சம்தான் உள்ளே போகும். இந்தக் கண் என்னவோ விரியத் திறந்து இருந்த மாதிரி இருக்கிறது என்று அவர் தனக்குத்தானே சொல்வதுபோலச் சொன்னார். தம்பி சிரித்தான். என் நேரம் டாக்டர் என்றான். அண்ணன் கதவுப் பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

வண்டி நிறுத்தும் இடத்துக்கு வந்து காரில் ஏறினார்கள். அது கடையின் பழைய கார். சாவியைத் திருப்பினால் டக் டக் என்று மட்டும் சத்தம் வந்தது. விளக்குகள் மினுக்கி அணைந்தன. ஊருக்கெல்லாம் பேட்டரி மாற்றுகிறவர்களின் வண்டி ஆஸ்பத்திரி வாசலில் நின்றுவிட்டது. அந்தக் காரைக் கவனிப்பது தம்பியின் வேலையாக இருந்தது. இரண்டு மாதமாக யாரும் பானட்டைத் திறக்கவில்லை.

அண்ணன் இறங்கிப் போய்த் திறந்தார். பாசிட்டிவ் முனையில் வெள்ளையும் பச்சையுமாகப் பூத்துக் கிடந்தது. தம்பி அவன் பக்கத்துக் கதவைத் திறந்து, வண்டியின் உடம்பைத் தடவிக்கொண்டே முன்னால் வந்தான். என்னவாம் என்று கேட்டான். அவர் சொன்னார். விளக்கு எப்படி அணைந்தது என்று கேட்டான். அதையும் சொன்னார். ஒரு அறை செத்துப்போச்சு, சுத்தம் பண்ணிப் பிரயோஜனமில்ல, மாத்திடலாம் என்றான். டிக்கியில் எப்போதும் ஒரு புது பேட்டரி இருக்கும். அண்ணன் அதைத் தூக்கி வந்து வைத்து, ஸ்பானரை எடுத்தார்.

"குடுண்ணே, நான் பண்றேன்" என்றான் தம்பி.

அவர் கொடுத்தார். இரண்டு மாதத்தில் அவன் கை ஒரு வேலையும் செய்யவில்லை. ஆனாலும் பத்தாம் நம்பர் ஸ்பானரை அவன் விரல்கள் பழைய பழக்கத்தில் வாங்கிக்கொண்டன. மேலே தடவி, குறி எந்தப் பக்கம் என்று பார்த்து, நெகட்டிவை முதலில் கழற்றி ஓரமாக மடக்கி வைத்தான். பிறகு பாசிட்டிவ். பிறகு பேட்டரியை இறுக்கிப் பிடித்திருந்த பட்டையின் நட்டு. எல்லாம் அண்ணன் போட்ட சட்டப்படி. பழைய பேட்டரியை இருவருமாகத் தூக்கிக் கீழே வைத்தார்கள். இரும்புத் தட்டிலும் ஒயர் முனையிலும் அந்த வெள்ளைப் பொடி அப்பிக் கிடந்தது. இதைக் கழுவணும், தண்ணி இருக்கா என்றான்.

குடிக்கிற தண்ணீர் ஒரு பாட்டில் சீட்டில் இருந்தது. அண்ணன் எடுத்து வந்து மூடியைத் திருகினார். அந்தச் சின்னச் சத்தம் கேட்டதும் தம்பியின் முகம் வெடுக்கென்று அந்தப் பக்கம் திரும்பியது. தோள் இரண்டும் மேலே ஏறின. ஒரு கணம்தான். அப்புறம் வெட்கப்பட்டவன்போல முகத்தைத் திருப்பி, கையை நீட்டி, முதல்ல என் விரல்ல கொஞ்சம் ஊத்து என்றான். அவர் ஊற்றினார். அவன் விரலோடு விரலைத் தேய்த்துப் பார்த்தான்.

"ஏன்னு தெரியலண்ணே. குளிக்கும்போதும் இப்படித்தான். விரல்ல வச்சுப் பாக்காம ஒரு சொட்டு மேல படவிட மாட்டேங்குது உடம்பு. அவ சிரிக்கிறா."

அண்ணன் கையிலிருந்த பாட்டில் சாய்ந்து, தண்ணீர் அவர் செருப்பில் கொட்டியது. அறுபத்து மூன்று நாளாகச் சேர்த்து வைத்திருந்த காரணம் ஒன்றும் அந்த இடத்தில் உதவிக்கு வரவில்லை.

"அன்னிக்கு நான் ஊத்துனது தண்ணி இல்லடா" என்றார்.

அவர் எல்லாவற்றையும் சொன்னார். டாக்ஸியைச் சொன்னார், விரிசல் விட்ட ஜாடியைச் சொன்னார், வெள்ளை பாட்டிலைச் சொன்னார். மேல் தட்டில் வைத்ததைச் சொன்னார். நர்ஸிடம் சொன்ன பொய்யையும் குப்பைத் தொட்டியில் போட்டதையும் விடவில்லை. நடுவில் ஒரு வண்டி ஹாரன் அடித்துக்கொண்டு போயிற்று. அது போகும்வரை நிறுத்திவிட்டு மறுபடி சொன்னார். அழக்கூடாது என்று வைராக்கியமாக இருந்தார். அழுதால் அவன்தான் சமாதானப்படுத்த வேண்டியிருக்கும். அந்தக் கேவலமும் வேண்டாம் என்று நினைத்தார்.

தம்பி ஒன்றே ஒன்று கேட்டான்.

"முதல்ல எந்தக் கண்ணுல ஊத்துனே?"

"வலது."

"ஏன் வலது?"

"அது தொறந்திருந்துச்சு."

தம்பி புது பேட்டரியின் மேல் கையை வைத்துக்கொண்டு நின்றான். அவன் குரல் ஏறவில்லை. ஏறியிருந்தால் அண்ணனுக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

"அதுல ஒண்ணும் படல. நல்லாத் தெரிஞ்சுது. நீ தட்டுலேர்ந்து எடுத்துட்டு ஓடி வர்றதைப் பாத்தேன். அப்பாடான்னு இருந்துச்சு. கண்ணைத் தொறன்னு சொன்னே. பெரிசா தொறந்து காட்டுனேன். ஆஸ்பத்திரில படுத்திருந்தப்பல்லாம் அதைத்தான் நெனச்சுக்கிட்டு இருப்பேன். கடைசியா பாத்தது அண்ணன் முகமாச்சேன்னு. அவ தெனமும் சொல்றா, அண்ணன் பேச்சைக் கேக்கல, கேக்கலன்னு. கேட்டேனே."

அண்ணன் பாட்டிலில் மிச்சமிருந்த தண்ணீரை ஊற்றி, இரும்புத் தட்டிலிருந்த வெள்ளைப் பொடியைக் கழுவினார்.

தம்பி குனிந்து வேலையை முடித்தான். பேட்டரியைத் தட்டில் உட்கார வைத்தான், பட்டையை இறுக்கினான். பாசிட்டிவை மாட்டினான், கடைசியில் நெகட்டிவை மாட்டினான். ஒவ்வொன்றையும் இரண்டு முறை அசைத்துப் பார்த்தான். உதவிக்கு நீண்ட அண்ணன் கை அவன் முழங்கையில் பட்டதும், கையை நகர்த்திக்கொண்டான். பானட்டை அவனே மூடினான். பிறகு வண்டியைத் தடவிக்கொண்டே போய், முன்கதவைத் தாண்டி, பின்கதவைத் திறந்து உட்கார்ந்தான். வரும்போது முன் சீட்டில் உட்கார்ந்து வந்தவன்.

சாவியைத் திருப்பியதும் வண்டி முதல் சுற்றிலேயே கிளம்பியது. அண்ணன் கண்ணாடியில் பின்னால் பார்த்தார். கறுப்புக் கண்ணாடி போட்ட ஒரு ஆள் ஜன்னல் பக்கம் முகத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். மன்னித்துவிடு என்று சொல்லலாம். அந்தச் சொல்லை வைத்துக்கொண்டு அவன் என்ன செய்வான் என்று தோன்றியது.

வீட்டு வாசலில் நிறுத்தியதும் தம்பி பேசினான்.

"என்கிட்ட சொன்னது போதாது. அவகிட்ட சொல்லு. ரெண்டு மாசமா ரெண்டு கண்ணுக்கும் சேத்து நான் திட்டு வாங்கிட்டிருக்கேன். ஒண்ணுக்கு வாங்கிக்கிறேன். அது என்னோடது."

"இப்பவேவா?"

"இப்பவே. நான் உள்ள இருப்பேன்."

கார் சத்தம் கேட்டு அவள் ஈரக் கையைத் துடைத்துக்கொண்டே வந்தாள். டாக்டர் என்ன சொன்னார் என்று முகத்தைப் பார்த்தே புரிந்துகொண்டு, கேட்காமல் புருஷன் கையைப் பிடித்தாள். அவன் கையை விடுவித்துக்கொண்டு, அண்ணன் ஏதோ சொல்லணுமாம், கேளு என்றான். சுவரைத் தடவிக்கொண்டே உள்ளறைக்குப் போனான். கட்டிலில் உட்கார்ந்த சத்தம் கேட்டது. கதவை அவன் சாத்தவில்லை.

அவள் முன்னறையில் கிடந்த ஒரே நாற்காலியின் மேலிருந்த துணிகளை எடுத்துவிட்டு, அதை அவர் பக்கம் நகர்த்திப் போட்டாள். காலையிலிருந்து அலைந்து வந்திருக்கிறார் என்று ஒரு டம்ளரில் தண்ணீர் கொண்டுவந்து நீட்டினாள். கண்ணைப் பற்றிய கெட்ட சேதியைத்தான் தனியாகச் சொல்லப் போகிறார், அதையும் இவர்தான் சுமக்க வேண்டியிருக்கிறது என்று அவள் நினைத்தது முகத்தில் தெரிந்தது.

"உக்காந்து சொல்லுங்க மாமா" என்றாள்.

அவர் உட்காரவில்லை. தண்ணீரையும் வாங்கவில்லை. உள்ளே கட்டில் ஒரு முறை கிரீச்சென்றது. காலை ஒன்பது மணிக்கு வந்த டாக்ஸியிலிருந்து ஆரம்பித்தார்.